துளசிமணி அடைத்த காற்று

கரூருக்கு வெளியே, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தகரமேட்டுத் தெருவுக்கு, ஆனி மாதம் பதினான்காம் நாள் முற்பகலில், வயிறு தரையைத் தேய்க்கும்படி தாழ்ந்துபோன ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது; அது வந்த அன்றைக்கே அந்தத் தெருவில் ஒருவருக்கு முதுகுவலி நின்றது, மறுநாள் பத்துப் பேருக்கு மூட்டுவலி நின்றது, மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்கு நடக்கும்போது குதிகால் தரையில் படவில்லை.

வேனை ஓட்டி வந்தவள் அமுதவல்லி. முப்பத்து நான்கு வயது, மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் செயலிழந்தவள், விளக்கெண்ணெய் மினுங்கும் தடித்த பின்னலும் அதைவிடத் தடித்த குரலும் உடையவள். ஊர் ஊராகப் போய்ப் போர்வையும் துண்டும் விற்பது அவள் தொழில். அதற்காகவே அந்த வேனைச் சொல்லிச் செய்திருந்தாள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கைக்கு வந்திருந்தன. சக்கரங்களின் மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு காற்றுச் சிலிண்டர்கள் நின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் காற்று இறங்கி வண்டி ஒட்டகம் மாதிரி மண்டியிடும். பக்கக் கதவு திறந்து பலகை விரியும். அமுதவல்லி யார் கையும் படாமல் சக்கர நாற்காலியில் உருண்டு இறங்குவாள், இறங்கியதும் யார் வீட்டு வாசலாக இருந்தாலும் ராணி வந்த மாதிரிதான் பார்ப்பாள்.

"நாலு சிலிண்டரும் ஒழுகுதுங்கக்கா. மண்டி போடற வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது," என்றாள்.

அவள் 'அக்கா' என்றது துளசிமணியை. தகரமேட்டில் எஞ்சினுக்கு ஒருவர், பெயிண்டுக்கு ஒருவர் என்றிருந்தார்கள், காற்றுக்குத் துளசிமணி. பிரேக்கில் போகிற காற்றானாலும் கதவைத் திறக்கிற காற்றானாலும், எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவாள். அன்றும் சக்கரத்தோரம் படுத்து, சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, சிலிண்டர் மூடிகளைச் சுற்றித் தடவினாள். தண்டு போய்வரும் இடத்தில் ரப்பர் சீல் தேய்ந்து, நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. கசிவு என்றால் குமிழ் வரும், வந்தது உடையும். இது உடையவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, தகரக் கூரையைத் தாண்டி, மின்கம்பியைத் தாண்டி, வானத்தில் கண்ணுக்கு எட்டும்வரை ஏறிப்போயின. காற்றுத் தொட்டி காலியாகிவிட்டதைக் கருவியின் முள் காட்டிய பிறகும் கசிவு நிற்கவில்லை.

"சீல் கோயமுத்தூர்லேர்ந்து வரணும் அம்மணி. நாலு நாள் ஆவும்," என்றாள் துளசிமணி. அமுதவல்லி ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் துளசிமணிக்குச் சோறு கொண்டுவந்தான் அவள் புருஷன் சுப்பராயன். வெல்டர். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு பஸ் கூரையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்கு மேலே கொக்கி மாதிரி வளைந்துபோனவன். அவனோடு பேசுகிறவர்கள் குனிந்து பேச வேண்டும், அல்லது அவன் உச்சந்தலையோடு பேச வேண்டும். வேனின் பின்சக்கரத்தோரம் குந்தி, மனைவி சாப்பிட்டு முடிக்கும்வரை கசிகிற காற்றில் முகம் காட்டிக்கொண்டிருந்தான், பிறகு எழுந்தான். எழுந்தவன் எழுந்துகொண்டே போனான். முதுகு நேரானது, கழுத்து நேரானது, அப்புறம் பாதம் இரண்டும் தரையை விட்டு இரண்டு விரற்கடை மேலே நின்றன.

துளசிமணி கையைக் கழுவிக்கொண்டே பார்த்தாள். "செருப்பைப் போடுங்க. ஆணி கெடக்குது," என்றாள்.

"இனி எனக்கு ஆணி குத்தாது புள்ள," என்றான் சுப்பராயன். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவளைவிட உயரத்திலிருந்து அவளைப் பார்த்தான். அவள் முன்வகிட்டில் நரை இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தெரு தூங்கவில்லை. பட்டறைச் சங்கத்துச் செயலாளர் நல்லதம்பி பந்தல் போட்டார், டோக்கன் அச்சடித்தார், காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள், சக்கரம் ஒன்றுக்கு நாலு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று பலகை எழுதி வைத்தார். வேனுக்கு மாலை விழுந்தது. நாலு டயருக்கும் முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்தார்கள். டீக்கடை வீரய்யா தன் கடை மின்விசிறிக்குக் கீழே மீன்வலை கட்டினார், வாடிக்கையாளர் தலை இடிக்கக் கூடாதே என்று. சவரக்கடையில் நாற்காலியோடு ஆளை வேட்டியால் கட்டிய பிறகே கத்தியை எடுத்தார்கள். சட்டைப்பையில் நட்டும் போல்ட்டும் நிரப்பிக்கொள்வது மூன்றே நாளில் பழக்கமானது, பெண்கள் முந்தானையில் படிக்கல் முடிந்துகொண்டார்கள், படுக்கப் போகிறவர்கள் போர்வைக்கு மேல் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயிலில் உருண்டு பிரதட்சணம் செய்வதாக வேண்டிக்கொண்டவர்கள் தரையே படாமல் உருண்டதால் அது கணக்கில் சேருமா என்று கேள்வி வந்தது, சேரும் என்று பூசாரி சொன்னார்; ஆனால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்ட ஒரு தறிக்காரர், காற்று வாங்கிவிட்டு நேராகத் தராசில் ஏறி உட்கார்ந்து, ஒரு கைப்பிடி வெல்லத்தோடு எழப் பார்த்தபோது, "வேண்டிக்கிட்ட அன்னிக்கு என்ன எடையோ அதைக் கொண்டாய்யா," என்று பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் சீல் வந்தது.

துளசிமணி புது ரப்பர் வளையத்தை விரலில் மாட்டி வளைத்துப் பார்த்தாள், நன்றாக இருந்தது. கசிவு எவ்வளவு என்று பார்க்க ஒரு சிலிண்டரின் மூடியை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். பொத்திய நொடியில் தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் இறங்கினார்கள், நாலில் ஒரு பங்கு கனம் அவர்களுக்குத் திரும்பிவிட்டது. கூரையில் தகரம் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் சறுக்கிக் கீழே வந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். சுப்பராயன் முதுகிலிருந்து மரம் முறிகிற சத்தம் வந்தது. அவன் மனைவியின் கையையே பார்த்தான்.

துளசிமணி கையை எடுத்துவிட்டாள். நாலு சீலையும் ஒரு காகிதத்தில் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

சாயங்காலம் அமுதவல்லி போன் செய்தாள். "சீல் வந்துருச்சுங்களாக்கா?"

"இன்னும் வரலை அம்மணி."

மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் துளசிமணி அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பொய், தெருவிலேயே கனமான பொருளாகி அவள் இடுப்பில் உட்கார்ந்தது. அவள் மட்டும் நாள் பூராவும் காற்றடியில் வேலை செய்தும் ஒரு விரல்கூட மேலே எழும்பவில்லை.

வேன் வந்த இருபதாம் நாள், ஆடி பிறந்ததும், அமுதவல்லி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாலையும் பந்தலுமாக நின்ற தன் வேனைப் பார்த்தாள்.

நல்லதம்பி காற்றில் அசைந்தபடி அவள் முன்னால் வந்து கும்பிட்டார். "உங்க வண்டி இந்தத் தெருவுக்கே தெய்வமாட்டம் வந்துருக்குதுங்க. நீங்களும் அஞ்சு நிமிசம் அதுகிட்ட ஒக்காருங்க. நடந்தே வீட்டுக்குப் போயிரலாம்."

"மொத நாளே கொஞ்சம் பட்டுச்சுங்க," என்றாள் அமுதவல்லி. "வீட்டுல ஃபேன் போட்டாங்க, நாற்காலியோட செவுத்துக்கு ஓடுனேன். யாரு மூச்சு விட்டாலும் நகர்ற பொழப்பு எனக்கு ஆவாது. எனக்கு நடக்க வேண்டாம். என் வண்டி ஓடணும்."

"எத்தனை பேர் வலி தீந்துருக்குது, பாருங்கம்மா."

"என் வண்டிய மறிச்சுக் கல்லு வெச்சிருக்கீங்க, அதையும் பாருங்க."

நல்லதம்பி குனிந்து கல்லைப் பார்த்தபோதுதான் பந்தல் துணி படபடவென்று அடித்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்தான் எல்லாரும்; ஆனால் அந்த வருஷம் காற்று ஆனியில் வரவேண்டியது வராமல் பிந்தி, பாலக்காட்டுக் கணவாயில் ஒரு மாதம் அடைந்து கிடந்து, அன்று மத்தியானம் ஒரே மூச்சாகப் புறப்பட்டு வந்தது. பந்தல் முதலில் போனது. பிறகு செருப்புகள். மனிதர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்கள், பஸ் கூடுகளுக்குள் புகுந்தார்கள், கிரைண்டரைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் ஒதுக்கக் கட்டியிருந்த நைலான் கயிற்றை ஏழு பேர் பிடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள்: நல்லதம்பி, வீரய்யா, காவலுக்கு வந்த ஏட்டு, தையற்கடை அக்கா தங்கை இருவர், பல் வைத்தியர், கயிற்றின் கடைசியில் சுப்பராயன். விளக்குக் கம்பத்தில் போட்டிருந்த முடிச்சு அவிழ்ந்தது. ஏழு பேரும் பட்டத்து வால் போல ஒரு நெளி நெளிந்து, கூரைகளுக்கு மேலே ஏறி, கிழக்கே போனார்கள்.

"புள்ளேய்!" என்ற சுப்பராயனின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் தெருவில் நின்றது.

துளசிமணி இடுப்பிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டு சிலிண்டரிடம் ஓடினாள்.

"நிறுத்துங்கக்கா!" என்று கத்தினாள் அமுதவல்லி. "இப்ப அடைச்சா அவங்க எங்க விழுவாங்க? கரண்டுக் கம்பி மேலயா?"

துளசிமணி நின்றாள். காற்றின் திசையைப் பார்த்தாள். கிழக்கே நெரூர், அங்கே காவிரி, தண்ணீர் இன்னும் வராத ஒரு மைல் அகல மணல்.

"வண்டி ஓடுமா அம்மணி?"

"வயித்தைத் தேச்சுக்கிட்டு ஓடும். கல்லை எடுங்க!"

வேன் கிளம்பியது. அதன் அடிவயிறு தார்ச்சாலையில் உரசித் தீப்பொறி பறந்தது, மாலைகள் பிய்ந்து பின்னால் போயின, அமுதவல்லி ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் ஆக்சிலேட்டருமாகக் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தபடியே ஓட்டினாள், வானத்தில் ஏழு பேர் வாழைத்தோப்புகளுக்கு மேலே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். துளசிமணி பின்னால் போர்வைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பட்டறையிலிருந்து எடுத்துவந்த விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை மடியில் இடுக்கி, சீல்களை ஒவ்வொன்றாக எண்ணெயில் புரட்டினாள். கறுப்புக் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். விளக்கெண்ணெய் பாதகம் செய்யாது. எண்ணெய் பூசிய சீல் வழுக்கிக்கொண்டு மெல்ல உட்காரும், காய்ந்த சீல் பிடித்துக்கொண்டு நின்று சட்டென்று குதிக்கும். மேலே இருக்கிறவர்களும் அப்படித்தான் இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மணி," என்றாள். "சீல் வந்து பதினாறு நாளாச்சு."

அமுதவல்லி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"கோயமுத்தூர்க் கடைக்கு நானே போன் போட்டேன். நீங்களே சொல்லட்டும்னு பாத்தேன்." எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஸ்டியரிங்கை ஒடித்து விலகினாள். "அங்க கக்கூசுக்குள்ள நாற்காலி நொழையாது. பதினாறு நாளா தங்கச்சி புருசன்தான் என்னைத் தூக்கிட்டுப் போறாரு. நல்ல மனுசன். ஆனா மூட்டைய எறக்கற மாதிரிதான் எறக்குவாரு."

"எங்க வூட்டுக்காரரு முதுகு நேராச்சு அம்மணி," என்றாள் துளசிமணி. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மூன்றாவது சீலைத் தொட்டு நனைப்பதற்குள் கிண்ணம் கவிழ்ந்தது. எண்ணெய் முழுக்கக் கதவு இடுக்கு வழியாகச் சாலைக்குப் போய்விட்டது.

நெரூர்க் கரையிலிருந்து வேன் மணலில் பாய்ந்து இறங்கி, உழுதுகொண்டே நூறு அடி போய் நின்றது. ஏழு பேரும் பனைமர உயரத்தில் ஆற்றின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

துளசிமணி முதல் சிலிண்டரில் கைவைத்தாள். பழைய சீலை நெம்பி எறிந்தாள், தண்டைத் துடைத்தாள், எண்ணெயில் ஊறிய புது வளையத்தை அதன் உதடு உள்நோக்கும்படி வைத்து, மூடியைக் கையாலேயே, ஸ்பானர் இல்லாமல், கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்கினாள். "எறங்கறாங்க!" என்று அமுதவல்லி ஜன்னலில் தொங்கிக்கொண்டு கூவினாள். "மெதுவாக்கா! மெதுவா! அப்படித்தான்!" பனை உயரம் தென்னை உயரமானது. இரண்டாவது சிலிண்டரும் அதே மாதிரி வெண்ணெயாக உட்கார்ந்தது. தையற்கடைத் தங்கை அழுவது கீழே கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது சீலில் எண்ணெய் மினுங்கல் மட்டும்தான் இருந்தது. அது பாதி வழியில் பிடித்தது. துளசிமணி மூச்சைப் பிடித்து முறுக்கினாள், சீல் சட்டென்று குதித்து உட்கார்ந்தது, மேலே ஏழு பேரும் ஒரே அலறலாகப் பத்தடி விழுந்து அந்தரத்தில் சுண்டி நின்றார்கள். ஏட்டின் தொப்பி கீழே வந்து மணலில் உருண்டது.

நாலாவது சீல் உலர்ந்து கிடந்தது. அவர்கள் இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தார்கள், காற்று அவர்களை அக்கரைப் பாறைகளின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"எண்ணெ இல்லை," என்றாள் துளசிமணி. "அம்மணி, எண்ணெ இல்லை."

அமுதவல்லி தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். பிறகு அதை ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். "சூட்டுக்குன்னு காலையிலதான் தலை நெறைய வெச்சேன். பிழிங்கக்கா!"

துளசிமணி இரண்டு கையாலும் அந்தப் பின்னலை ஈரத்துணி பிழிவதுபோலப் பிழிந்தாள். அமுதவல்லி பல்லைக் கடித்து ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக, மஞ்சளாக, கெட்டியாக விளக்கெண்ணெய் வந்தது. ரப்பர் வளையத்தைச் சுற்றி ஒரு தடவை பூசுவதற்குச் சரியாக வந்தது. துளசிமணி மணலில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, குழந்தைக்குக் காது குத்துகிற இடத்தைத் தடவுகிறவள் மாதிரி மூடியைத் தடவித் தடவி முறுக்கினாள். கடைசிச் சுற்றில் கசிவின் சத்தம் மெலிந்து, நூலாகி, நின்றது.

அவள் கண்ணைத் திறந்தபோது ஏழு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பல் வைத்தியர் தன் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரமேட்டில் அதே நேரத்தில் ஜன்னல் கம்பிகளைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு பெருமூச்சோடு தரைக்கு வந்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். வலிகளும் அதே பெருமூச்சில் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டன என்றும் சொன்னார்கள்.

அமுதவல்லி பொத்தானை அமுக்கினாள். இருபது நாளுக்குப் பிறகு வேன் நாலு காலிலும் காற்று ஏறி எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினாள், மண்டியிட்டது. எழுந்தது. மண்டியிட்டது. "ஒழுகலைக்கா!" என்று சிரித்தாள், பின்னல் அவிழ்ந்த தலையோடு, அழுகையும் சேர்ந்த சிரிப்பு. பலகை விரிந்தது, யார் கையும் படாமல் உருண்டு வந்து மணலில் நின்று, நல்லதம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "ஏறுங்க. கரூர்ல எறக்கி விடறேன்."

நல்லதம்பி கைகூப்பியபடியே ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். சுப்பராயன் ஏறவில்லை.

அவன் பழையபடி வளைந்து நின்றிருந்தான். துளசிமணி அவன் எதிரில் போய், பழக்கத்தில் குனிந்து, அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றாள்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது." இடுப்பில் கையை ஊன்றினான். "மேலேர்ந்து பாத்தேன் புள்ள. வண்டிகிட்ட நீ முழங்கால் போட்டு ஒக்காந்திருந்தே. எறங்கறப்போ யாரோ கையப் புடிச்சுப் படி எறக்கி விடற மாதிரி இருந்துச்சு." அப்புறம், "மூணாவது படியில மட்டும் ஏன் தள்ளி விட்டே?"

"எண்ணெ பத்தலைங்க," என்றாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"செரி, செரி. வா. நடந்தே போலாம்."

"பத்து கிலோமீட்டருங்க."

"இருக்கட்டும்."

வேன் அவர்களைத் தாண்டி, கரையேறி, காற்று மாதிரி ஓடி மறைந்தது. இருவரும் ஆற்று மணலில் மேற்கே நடந்தார்கள், ஆடிக்காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்தது, அறைந்தும் அவர்களை அசைக்க முடியவில்லை. ஊற்று கசியும் ஈர மணலுக்கு வந்ததும் சுப்பராயன் நின்றான். வளைந்த முதுகுக்குத் தரை எப்போதும் கிட்டத்தில்தானே. தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதத்தைத் தூக்கினான். குதிகால் பதிந்த குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

"பாரு புள்ள," என்றான், "எவ்வளவு ஆழம்!"

இன்னொரு காலை, இன்னும் ஓங்கி, வைத்தான்.